எங்கே போச்சு? பருப்பொருளையும் ஆற்றலையும் வீட்டிலேயே அளந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் புத்தகத்தில் பருப்பொருள், பொருள்களின் பண்புகள், வெப்பம், ஆற்றல் என்று பாடங்கள் மாறி மாறி வரும். "இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதும் பருப்பொருள்" என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். "சரி, காத்து பருப்பொருளா?" என்று கேட்டால் முழிப்பார்கள். பாலக்கோடு பக்கம் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடங்கள் அத்தனையையும் ஒரே கேள்வியை வைத்து நடத்திவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்: "எங்கே போச்சு?"

ஈரத்துணியில் இருந்த தண்ணீர் எங்கே போச்சு? அஞ்சு கிலோ விறகு எரிந்து கையளவு சாம்பல் மிஞ்சியது, மீதி எங்கே போச்சு? கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீ ஆறிவிட்டது, அந்தச் சூடு எங்கே போச்சு? பருப்பொருளும் சரி, ஆற்றலும் சரி, காணாமல் போவதில்லை. இடம் மாறும், வடிவம் மாறும். ராத்திரி கடை மூடும்போது கல்லாவை எண்ணி வரவு செலவை நேராக்குவது போல, ஒவ்வொரு சோதனையிலும் பிள்ளை கணக்கை நேராக்க வேண்டும். கணக்கு இடிக்கும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளில் கிடைக்கும் பொருள்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு. இது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை, அதனால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். அடுத்து 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி. கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி என்றால் இன்னும் வசதி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீரில் வைக்கவே கூடாது. பாதரச வெப்பமானியும் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. மெடிக்கல் கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, மில்லி கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று, எவர்சில்வர் பாத்திரங்கள், நூல், அப்புறம் ஒரு நோட்டு.

நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று வரி போதும்: செய்வதற்கு முன் என்ன ஆகும் என்று நினைத்தேன், அளந்தபோது என்ன வந்தது, மீதி எங்கே போச்சு. முதல் வரியைச் சோதனைக்கு முன்பே எழுத வைப்பது முக்கியம். பார்த்த பிறகு எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் சரியான விடையைத்தான் எழுதும்.

அடுப்புச் சோதனைகளில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 1: இது பருப்பொருளா, இல்லையா?

சிரிஞ்சில் 20 மில்லி காற்றை இழுத்து, முனையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொல்லுங்கள். பாதி தூரம் வரைக்கும் உள்ளே போகும், அதற்கு மேல் முரண்டு பிடிக்கும். கையை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். காற்று எங்கேயும் போகவில்லை, துகள்கள் நெருங்கின, அவ்வளவுதான். அடுத்து அதே சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை இழுத்து அழுத்துங்கள். அசையவே அசையாது. வாயுவில் துகள்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், திரவத்தில் மிகக் குறைவு என்ற வரியைப் பிள்ளை தன் விரலில் உணர்ந்துவிட்டது. இனி மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

காற்றுக்கு நிறை உண்டா? பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 1000 கன அடி, அதாவது ஏறக்குறைய 28 கன மீட்டர். நம் ஊர் உயரத்தில், வெயில் காலத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.1 கிலோ. பெருக்கினால் 31 கிலோ வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஏன்க்கா, அப்போ இந்த ரூம்ல என்னை விட காத்துதான் வெயிட்டா?" என்று கேட்டாள். ஆமாம், அவள் 29 கிலோ.

வெளிச்சம், சத்தம், சூடு இவற்றை எடை போட முடியுமா? இறுக மூடிய பிளாஸ்கில் வெந்நீரை எடை போட்டு, நன்றாக ஆறிய பிறகு மறுபடி போடுங்கள். தராசு அதே எண்ணைத்தான் காட்டும். சூடு வெளியே போனது, ஆனால் ஒரு கிராமும் குறையவில்லை. தராசில் ஏறுவது பருப்பொருள், ஏறாமல் வேலை செய்வது ஆற்றல். பள்ளிப் பாடத்துக்கு இந்தப் பிரிவு போதும்.

படி 2: கல்லின் அடர்த்தி

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை இல்லாத பக்கமே குறைவு. வாசலில் கிடக்கும் சில்லு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும் அளவு போதும். நம் மாவட்டத்துப் பாறைகள் பலவற்றின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கையில் இருக்கும் கல்லின் மேல் ஒரு மரியாதை வரும்.

நிறையைப் பருமனால், அதாவது பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவால், வகுத்தால் வருவதுதான் அடர்த்தி. கல்லின் நிறையைத் தராசு சொல்லிவிடும். பருமனை எப்படிக் கண்டுபிடிப்பது? கோணல் மாணலான கல்லை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. புத்தகம் சொல்லும் வழி, அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது. இது சரியான வழிதான், ஆனால் வீட்டுக் குவளையில் கோடுகள் 50 மில்லிக்கு ஒன்று இருக்கும், விடை தோராயமாகத்தான் வரும். இதைவிட அழகான வழி ஒன்று உண்டு.

பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றுங்கள். பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். கல்லை நூலில் கட்டி, நூலைக் கையில் பிடித்தபடியே தண்ணீருக்குள் முழுதாக மூழ்க விடுங்கள். கல் அடியிலோ ஓரத்திலோ படக் கூடாது, தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது தராசு ஒரு எண்ணைக் காட்டும். அது எத்தனை கிராமோ, கல்லின் பருமன் அத்தனை மில்லிலிட்டர்.

ஏன் இப்படி? மூழ்கிய கல்லைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. கல் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கியதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான தள்ளல் அது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம். தண்ணீர் கல்லை மேலே தள்ளினால், கல் தண்ணீரை அதே விசையோடு கீழே தள்ளும். அந்தத் தள்ளலைத்தான் தராசு படிக்கிறது. ஒரு மில்லி தண்ணீரின் நிறை ஒரு கிராம் என்பதால், கிராம் எண்ணையே மில்லியாக எடுத்துக்கொள்ளலாம். கல்லைப் பிள்ளை நூலில் பிடித்திருக்கும்போது கையில் பாரம் குறைவதும், அதே நேரம் தராசில் எண் ஏறுவதும் ஒன்றாக நடக்கும். கையில் குறைந்த பாரம் எங்கே போச்சு என்பதற்கு விடை கண் முன்னே ஒளிர்கிறது.

கல் 405 கிராம், தொங்கவிட்டபோது தராசு 150 காட்டியது என்றால் அடர்த்தி 405 ÷ 150 = 2.7. சாம்பல், சிவப்பு கிரானைட்டுகள் 2.6-க்கும் 2.7-க்கும் நடுவில் வரும். கறுப்புக் கல் 2.9, 3.0 என்று வந்தால் திகைக்க வேண்டாம். வியாபாரத்தில் எல்லாவற்றையும் கிரானைட் என்றாலும், கறுப்புக் கல்லின் கனிமங்கள் வேறு, இரும்பும் மெக்னீசியமும் அதில் அதிகம்.

அப்புறம் ஓர் அலுமினியத் துண்டை இதே முறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் 2.7. "லேசான" அலுமினியமும் "கனமான" கல்லும் ஒரே அடர்த்தி! அலுமினியப் பாத்திரம் லேசாக இருப்பது தகடு மெல்லியதாக இருப்பதால். நிறை வேறு, அடர்த்தி வேறு என்பதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இரும்பு 7.9, தேங்காய் எண்ணெய் 0.92. தண்ணீர் 1.

மாம்பழக் காலம் என்றால் ஒரு வாளித் தண்ணீரில் காய்களைப் போட்டுப் பாருங்கள். நன்றாக விளைந்த காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். விளைய விளையக் காய்க்குள் மாவுச்சத்து சேர்ந்து அடர்த்தி ஒன்றைத் தாண்டிவிடுகிறது. விதைநெல் பிரிக்க உப்புக் கரைசல் தயாரிக்கும்போது, முட்டை மிதந்து அதன் மேல்பக்கம் பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைப்பார்கள். முட்டை அங்கே அடர்த்தி அளக்கும் கருவி. பதர் மேலே வந்துவிடும், கனமான விதை அடியில் தங்கும். பிறகு விதையை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால், இந்த ஒரு பகுதியை அவரையே நடத்தச் சொல்லுங்கள்.

படி 3: நிலை மாற்றம்

இராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி மலிந்து கிடக்கும் நாளில் ஒரு கிலோ வாங்கி, நறுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி வெயிலில் காய வையுங்கள். தினமும் சாயங்காலம் எடை போட்டு எழுதுங்கள். முழுதாகக் காய்ந்ததும் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடும். காணாமல் போன தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராமும் தண்ணீர். கொதிக்கவே இல்லை, ஆனாலும் ஆவியாகிவிட்டது. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பில் நடக்கும். கொதித்தல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திரவம் முழுக்க நடக்கும். இந்தத் தக்காளி நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆறாம் படியில் வேண்டும்.

இப்போது கொதிநிலை. புத்தகத்தில் 100 டிகிரி செல்சியஸ். தருமபுரியில் அளந்தால் 98.5-க்குப் பக்கத்தில் நிற்கும். ஓசூரில் அளந்தால் 97. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 100 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. தருமபுரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சுமாராக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது வெப்பமானியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயும் ஒரு தடவை அளந்து வாருங்கள். குக்கரில் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில் போய்த்தான் கொதிக்கும், பருப்பு சீக்கிரம் வேகும்.

கொதிக்கும் தண்ணீரின் கீழே தீயை இன்னும் கூட்டுங்கள். வெப்பமானி ஏறாது. கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போச்சு? துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து ஆவியாக்கப் போய்விட்டது. இதுதான் உள்ளுறை வெப்பம். ஐஸ் கட்டியிலும் இதே கதை. கலக்கிக்கொண்டே இருந்தால் கடைசித் துண்டு உருகும் வரை பூஜ்ஜியத்திலேயே நிற்கும். நூறு கிராம் ஐஸை உருக்க மட்டும் ஆகும் வெப்பத்தில், உருகிய அந்தத் தண்ணீரை பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்குத்தான். பத்து லிட்டர் பானையிலிருந்து நூறு கிராம் நீர் கசிந்து ஆவியானால், அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் ஏறக்குறைய 240 கிலோஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு, கிலோஜூல் என்றால் ஆயிரம் ஜூல்). அந்த வெப்பம் முழுதும் பானைத் தண்ணீரிலிருந்தே எடுக்கப்பட்டால் ஐந்தரை டிகிரிக்கு மேல் குறையும். வெளிக்காற்றும் கொஞ்சம் வெப்பத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பதால் நாம் அளக்கும்போது அதைவிடக் குறைவாக வரும். எவ்வளவு குறைவு என்று நிழலிலும் வெயிலிலும் வைத்து ஒப்பிடுவது நல்ல வேலை.

படி 4: கரைந்தது எங்கே போச்சு?

100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரையுங்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்: 110 கிராம். வெள்ளைத் துணியில் வடிகட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிப்பு அப்படியே இருக்கும். தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் தண்ணீர் போய் உப்பு மட்டும் மிஞ்சும். மண் கலங்கிய தண்ணீரைத் துணி தடுக்கும், கரைந்த உப்பைத் தடுக்காது. இது இயற்பியல் மாற்றம்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தப் பாடம் பரீட்சையோடு நிற்பதில்லை. இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. நிறமில்லை, வாடையில்லை, ருசியிலும் தெரியாது. பல்லில் காவிக் கறை, வெள்ளைத் திட்டு என்று ஆரம்பித்து, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் உச்ச வரம்பு 1.5.

"தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறோம்" என்று பல அம்மாக்கள் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கிருமிக்கு அது நல்ல வழி. ஃபுளூரைடுக்கு? உப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்த பிள்ளையிடம் கேளுங்கள், அதுவே சொல்லும். கொதிக்கும்போது வெளியே போவது தண்ணீர் மட்டும், கரைந்தது பாத்திரத்திலேயே இருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள பத்து லிட்டர் நீரைக் காய்ச்சி எட்டு லிட்டராக்கினால், அதே 15 மில்லிகிராம் எட்டு லிட்டருக்குள் நெருங்கி, லிட்டருக்கு ஏறக்குறைய 1.9 ஆகிவிடும். வடிகட்டினாலும் போகாது, மண்பானையில் ஊற்றி வைத்தாலும் போகாது. ஆர்.ஓ. சவ்வு போன்ற முறைகள் ஃபுளூரைடைப் பெருமளவு பிரித்துவிடும். ஊருக்கே சரியான தீர்வு, ஃபுளூரைடு குறைந்த ஆற்று நீரைக் கொண்டுவருவது. ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. காவிரி நீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டங்களுக்கும் ஏற்றி அனுப்புகிறார்கள். உங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் வந்தால், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் போர் தண்ணீர் போதும். வீட்டு போர் தண்ணீரை ஒரு தடவையாவது நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். இதைப் படிக்கிறவர்கள் வேறெந்தச் சோதனையைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படி 5: பொருளே மாறிப்போனால்

ஒரு டம்ளரில் 100 மில்லி வினிகர். தனியாக 4 கிராம் சமையல் சோடா. இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்து மொத்த எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வினிகரில் போடுங்கள், பொங்கி வழிய விடாதீர்கள். நுரை அடங்கியதும் பார்த்தால் ஏறத்தாழ 2 கிராம் குறைந்திருக்கும். எங்கே போச்சு? கார்பன் டைஆக்சைடாகப் பறந்துவிட்டது. 84 கிராம் சோடாவிலிருந்து 44 கிராம் கார்பன் டைஆக்சைடு வரும் என்பது பெரிய வகுப்புக் கணக்கு, 4 கிராமுக்கு 2.1 வருகிறது.

அடுத்து, பறக்க விடாமல் செய்வோம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அதே அளவு வினிகர். சோடாவை டிஷ்யூ காகிதத்தில் மடித்து உள்ளே போட்டு, உடனே மூடியை இறுக்கி விடுங்கள். காகிதம் நனைந்து கிழிந்ததும் பொங்கும், பாட்டில் விறைக்கும், எடை மாறாது. மூடியை மெல்லத் திறந்து 'உஸ்' என்று போனபின் எடை போட்டால் குறையும். கண்ணாடி பாட்டிலோ மெல்லிய தண்ணீர் பாட்டிலோ வேண்டாம், அளவையும் கூட்டாதீர்கள்.

பல இடங்களில் பாட்டில் வாயில் பலூன் மாட்டிச் செய்யச் சொல்வார்கள். பலூன் ஊதுவது பார்க்க அழகுதான், ஆனால் நிறை மாறாது என்று காட்ட அது ஒத்துவராது. ஊதிய பலூன் தன் அளவுக்குக் காற்றை ஒதுக்குகிறது, தண்ணீரில் கல்லுக்குக் கிடைத்த தள்ளல் போலவே அதற்கும் காற்றில் தள்ளல் உண்டு. ஒரு லிட்டர் ஊதினால் தராசு ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். பிள்ளை "அக்கா, குறையுதே!" என்று சொல்லும், சொல்வது நியாயம்.

எடை கூடும் மாற்றமும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை (எவர்சில்வர் நார் துருப்பிடிக்காது) எடை போட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்து, காற்றோட்டமாக ஒரு வாரம் வைத்து, நன்றாகக் காய்ந்த பின் எடை பாருங்கள். உதிர்ந்த தூளையும் சேர்த்துத்தான் போட வேண்டும். நனைத்த உப்பும் கொஞ்சம் கூட்டியிருக்கும் என்பதால், இன்னொரு நாரை வெறும் தண்ணீரில் நனைத்து வைத்து ஒப்பிடுங்கள். இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு துருவாகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் இரும்பு உருக்கும் தொழில். தாதில் ஆக்சிஜனோடு சேர்ந்து கிடக்கும் இரும்பைக் கரியோடு சேர்த்து உலையில் எரித்தால், கார்பன் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாக வெளியேறும், இரும்பு மிஞ்சும். தூய ஹேமடைட் தாது 160 கிராமில் இரும்பு 112 கிராம், ஆக்சிஜன் 48. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. நாலாயிரம் வருஷத்துக்கு முன் இரும்பு புழங்கிய மண்ணில் உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் படிக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

விறகுக் கேள்விக்கும் இங்கேயே விடை வந்துவிடுகிறது. மரத்தின் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விட்டன. எரியாத கனிமங்கள்தான் சாம்பல்.

படி 6: ஆற்றலுக்கும் கணக்கு

ஆற்றலைத் தராசு காட்டாது என்பதால் அளவுக்கு வேறு வழி வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல். இந்த ஓர் எண் போதும்.

1500 வாட் மின்கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். 28 டிகிரியிலிருந்து 98 வரை போக வேண்டும் என்றால் 70 × 4.2 = 294 கிலோஜூல். கெட்டில் 3 நிமிஷம் 40 விநாடி எடுத்தது என்றால் அது வாங்கிய மின்சாரம் 1.5 × 220 = 330 கிலோஜூல். 36 கிலோஜூல் இடிக்கிறது. எங்கே போச்சு? கெட்டிலின் உடம்பைச் சூடாக்கியது, ஆவியோடு கொஞ்சம், அறைக் காற்றுக்குக் கொஞ்சம். டீ ஆறுவதும் இதுவே: டம்ளர், மேசை, காற்று மூன்றும் வாங்கிக்கொண்டன. எல்லோரும் மிகக் கொஞ்சமாகச் சூடேறியதால் யாருக்கும் தெரியவில்லை. மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் 3600 கிலோஜூல். ஆக இந்த ஒரு லிட்டர் வெந்நீருக்கு 0.09 யூனிட் ஆகியிருக்கிறது.

தக்காளி நோட்டை எடுங்கள். 920 கிராம் நீர் ஆவியாகியிருந்தால், கிராமுக்கு 2.4 கிலோஜூல் வீதம் 2200 கிலோஜூல். அதாவது 0.6 யூனிட்டுக்கு மேல். வெயில் அதைச் சும்மா கொடுத்தது.

அசைவு வெப்பமாவதையும் அளக்கலாம். உலர்ந்த மணலைப் பாதி பாட்டில் நிரப்பி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, தடித்த துண்டால் சுற்றி ஐந்து நிமிஷம் வேகமாகக் குலுக்குங்கள். ஒன்றிரண்டு டிகிரி ஏறும். கைச் சூடு ஏறியிருக்கலாமே என்று பிள்ளை கேட்டால் தட்டிக்கொடுங்கள். இன்னொரு பாட்டிலை அதே மாதிரி சுற்றி, குலுக்காமல் வெறுமனே ஐந்து நிமிஷம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலுக்கியதால் வந்தது. 1840-களில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர் எடைக்கற்களைக் கீழே இறங்கவிட்டு, அதனால் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழல வைத்து, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று அளந்தார். அவர் பெயரில்தான் இந்த அலகு.

ஒகேனக்கல்லில் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோ தண்ணீரின் நிலை ஆற்றல், அதாவது உயரத்தில் இருப்பதால் அதற்கு உள்ள ஆற்றல், 196 ஜூல். கீழே விழுந்து, மோதி, நுரைத்து, எல்லாம் வெப்பமானாலும் தண்ணீர் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குகூடச் சூடேறாது. அருவியில் குளிக்கும்போது அந்தச் சூடு தெரியாததற்கு இதுவே காரணம். அதே காவிரி கீழே போய் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் நின்று, டர்பைன் வழியாக இறங்கும்போது அந்த நிலை ஆற்றல் மின்சாரமாகிறது.

சாப்பாட்டிலும் கணக்குப் போடுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 1300 கிலோஜூல் ஆற்றல். 50 கிலோ எடையுள்ள ஒருவர் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில் 100 மீட்டர் உயரம் ஏறினால் அவர் சேர்க்கும் நிலை ஆற்றல் 49 கிலோஜூல்தான். தசைகள் வாங்கும் ஆற்றலில் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் வேலையாக மாறும் என்பதால் உடம்பு 200 முதல் 250 கிலோஜூல் செலவழிக்கும். இருபது கிராம் கேழ்வரகுக்குள் அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போச்சு என்று மலை ஏறும் பிள்ளையின் சட்டையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். வியர்வை ஆவியாகி அந்த வெப்பத்தைத்தான் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

இதுவரை வந்த பிள்ளைக்கு ஒரு கேள்வி கொடுங்கள். வெயில் தாங்க முடியவில்லை என்று சமையலறையை மூடிக்கொண்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? முதலில் நோட்டில் பதில் எழுத வேண்டும். ஃபிரிட்ஜ் உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தைப் பின்பக்கக் கம்பிகள் வழியாக அதே அறைக்குள்தான் விடுகிறது. கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே அறை சூடாகும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் பாலையும் மாவையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அறையின் நடுவில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, அரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுதச் சொல்லுங்கள்.